வீட்டு இமாமின் பரிசோதனை

கொரோனா ஊரடங்கில் பள்ளிவாசலைப் பூட்டியபோது ஊரே கண்கலங்கியது. நான் மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். பல்கலைக்கழகம் போன காலத்திலேயே அல்லாஹ் இருக்கிறானா என்ற கேள்வி எனக்குள் வந்து குந்திக்கொண்டது. விடை கிடைக்கவில்லை. ஆனாலும் மருதமுனையில் ஓர் ஆம்பிளை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகாமல் விட்டால், பொழுது சாயும் மஃரிபுக்கு முன்னமே நாலு பேர் சுகம் விசாரிக்க வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதனால் நடுவரிசையில் நின்று, எல்லாரும் குனியும்போது குனிந்து, எல்லாரும் எழும்பும்போது எழும்பி வருடங்களை ஓட்டிவிட்டேன்.

அந்த நிம்மதி ரமழான் பிறை கண்ட அன்றே போய்விட்டது. பள்ளிவாசல் பூட்டென்றால் வீட்டில்தான் ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழ வேண்டும். எங்கள் வீட்டில் ஆம்பிளை நான் ஒருவன், முன்னால் நின்று தொழுவிக்கும் இமாமும் நான்தான். மனைவி ஹோலில் பாயை விரித்தாள். அதற்கு முன்னால் எனக்கென்று தனியாக ஒரு முசல்லா விரிப்பைப் போட்டாள். அவளும் பன்னிரண்டு வயது மகளும் வெள்ளை உடுப்போடு பின்னால் வந்து நின்றார்கள்.

"வாங்க, தக்பீர் கட்டித் தொழுகயத் தொடங்குங்க" என்றாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நடுவரிசையில் ஒளிந்து நிற்பது வேறு, மகளுடைய தொழுகையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு முன்னால் நிற்பது வேறு. நம்பாத ஒன்றை நம்புகிறவன் மாதிரி அவளுக்கு நடித்துக்காட்ட என்னால் ஏலாது. மனைவியைக் குசினிக்குள் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

நாங்கள் இருவரும் கல்முனையில் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். நான் பௌதிகவியல், அவள் கணிதம். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"இல்ல எண்டு நிரூபிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"இரிக்கி எண்டு?"

"அதுவும் இல்ல."

"ஒரு பரிசோதனையாவது செஞ்சி பாத்தீங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"பரிசோதனை செய்யாம முடிவு எழுதினா பிள்ளையளுக்கு நீங்க என்ன போடுற? முட்டைதானே?" என்றாள். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "பெருநாள் வரைக்கும் பாருங்க. நான் பயான் பண்ணிப் புத்தி சொல்ல மாட்டன், நீங்க பொய் சொல்லப்படா. பெருநாள் தொழுகைக்கு உண்மையோட முன்னால நிக்க ஏலுமெண்டா நில்லுங்க. ஏலாட்டி, ஏன் எண்டு நீங்களே மகளுக்கிட்ட சொல்லணும்" என்றாள்.

அந்தக் கடைசி வசனம்தான் என்னைக் குத்தியது. பெருநாள் வரைக்கும் ரமழான் இரவுத் தொழுகையான தறாவீஹை மனைவியே மகளோடு நின்று தொழுவித்தாள். ஏன் வாப்பா வரவில்லை என்று மகள் கேட்டதற்கு, "வாப்பா யோசிக்கிறார்" என்று பதில் வந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து கஞ்சிக் கோப்பையோடு வந்து, "வாப்பா, யோசிச்சு முடிஞ்சா?" என்று அவள் கேட்கத் தொடங்கிவிட்டாள். ஓ.எல். பரீட்சைப் பெறுபேற்றுக்குக்கூட இப்படி யாரும் என்னை விரட்டியதில்லை.

முதல் பரிசோதனையை மிகவும் இலகுவாக வைத்துக்கொண்டேன். துஆ கேட்டால் கிடைக்கும் என்கிறார்கள். சரி, கேட்டுப் பார்ப்போம். ஊரடங்கில் கிடைக்காத ஒன்றாக இருக்க வேண்டும் என்று யோசித்து எருமைத் தயிரைத் தெரிவு செய்தேன். சவளக்கடைப் பக்கமிருந்து சட்டி சட்டியாக வரும் தயிர் அந்த நாட்களில் வரவே இல்லை. நண்பகல் லுஹர் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் கிடந்து, யாருக்கும் சொல்லாமல், ஒரு சட்டித் தயிர் கேட்டேன்.

அன்றைக்கு நோன்பு திறக்கப் பாங்கு சொல்வதற்குள் மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டு ராத்தாவின் கை வந்தது. கையில் ஒரு சட்டி. சட்டியில் தயிர்!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபடியே மனைவியிடம் பரிசோதனையைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நோன்பு மாசத்துல நம்மட ஊருல சாப்பாட்டுச் சாமான் கேட்டு துஆ செஞ்சீங்களா? நேத்து அந்த ராத்தாக்கு நான் வட்டிலப்பம் குடுத்தனுப்பின. பாத்திரத்த வெறுமையா திருப்பித் தரவா போறா? இன்டைக்குத் தயிர், நாளைக்கு ரொட்டி. ஆடு, மாடு கேட்டிருந்தாலும் மதிலால வந்திரிக்கும்."

உண்மைதான். எங்கள் ஊரில் ரமழானில் மதில் என்பது மதில் இல்லை, அது ஒரு மேசை. வெறும் பீங்கான் திரும்பிப்போனால் அந்த வீட்டுக்கு மானக்கேடு. இது தெரிந்த ஊரில் பிறந்து வளர்ந்த விஞ்ஞான ஆசிரியன் இப்படி ஒரு பரிசோதனையை வைத்தேன் என்றால், என்னிடம் படித்த பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படத்தான் வேண்டும். தயிர் மட்டும் நன்றாக இருந்தது. வழித்து வழித்துச் சாப்பிட்டேன்.

இரண்டாவது பரிசோதனையை மனைவியும் சேர்ந்து திட்டமிட்டாள். வெளியே நடப்பதை விடுங்க, உங்களுக்குள்ள நடக்கிறதப் பாருங்க என்றாள். தொழுகை மனிதனைத் திருத்தும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். என்னில் திருத்த வேண்டியது என்னவென்று கேட்கத் தேவையில்லை. கோபம். கையடக்கத் தொலைபேசியில் பாடம் நடத்தும்போது சிக்னல் போனால் நான் போடும் சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்கும் என்பார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று தீர்மானித்தோம். லுஹரையும் பின்னேர அஸரையும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தொழுவேன். சில நாட்களில் என் வழக்கப்படி, கோழி நெல் கொத்துவது மாதிரி. சில நாட்களில் ஆறுதலாக, ஓதும் ஒவ்வொரு சொல்லின் அர்த்தத்தையும் மனதில் நிறுத்தி. அன்றைக்கு எந்த விதம் என்று நான் சொல்ல மாட்டேன். நோன்பு திறந்த பிறகு மனைவி என் நடப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் கிழமை முழுக்க அவள் ஒரு நாளும் பிழைக்கவில்லை. பூனை பாய்ந்து கஞ்சிப் பானையைக் கவிழ்த்த நாளில் நான் சிரித்துக்கொண்டே துணி எடுத்து வந்ததைப் பார்த்து, "இன்டைக்கு ஆறுதல்" என்றாள். தேங்காய் துருவியில் விரல் பட்டதற்கு நான் தேங்காயை ஏசியதைக் கேட்டு, "இன்டைக்குக் கோழி" என்றாள்.

முடிவு தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. "மெதுவா மூச்சு விட்டா யாருக்கும் கோபம் குறையும். இதால அல்லாஹ் இரிக்கான் எண்டு ஆகுமா?" என்று கேட்டேன். இஞ்சியை நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள்.

"ஓம். ஆகாதுதான்" என்று ஒத்துக்கொண்டாள்.

அவள் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்தது. எனக்காக ஒரு கணக்கை வளைத்திருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டிருப்பேன். ஆனால் மனம் சோர்ந்துபோனது. பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, என் கையில் இருந்தது மூச்சுப்பயிற்சி மட்டும்தான்.

அப்படியே நாட்கள் போக, ஒரு நாள் லுஹருக்கு முசல்லாவில் நின்றேன். அது கோழி முறை. படபடவென்று ஓதி, படக்கென்று குனிய வேண்டும். வருடக்கணக்காகச் செய்து பழகிய வேலை. அன்றைக்கு வரவில்லை. ஓதத் தொடங்கினேன், நாக்கு ஓட மறுத்தது. மறுபடியும் முயன்றேன். முகமெல்லாம் சூடாகி, வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்த ஒருவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, போனைப் பார்த்தபடி பதில் சொல்வது மாதிரி ஒரு வெட்கம்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. கதவு பூட்டியிருக்கிறது, மனைவி பார்க்கவில்லை, மகள் பார்க்கவில்லை. நான் யாருக்கு மரியாதை குறைக்கப் பயப்படுகிறேன்? யாருமே இல்லாத இடத்தில் ஒரு மனிதனுக்கு வெட்கம் வருமா?

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பரீட்சை மண்டபத்தில் திடீரென்று விடை தெரிந்த பையன் மாதிரி வெளியே ஓடினேன். மனைவி கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பரிசோதனை கெட்டுப்போச்சு" என்றேன். "கோழி மாதிரித் தொழ ஏலா."

"ஏன்?"

"வெக்கமா இரிக்கி."

அவள் ஈர உடுப்பைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையில் போட்டிருந்த சோல் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இது நிரூபணம் இல்லை என்று எனக்கும் தெரியும். எந்தப் பேப்பரிலும் இதற்குப் புள்ளி கிடையாது. ஆனால் விஞ்ஞானத்தில் நான் முதலில் படித்த பாடம், கண்டதைக் காணவில்லை என்று சொல்லக்கூடாது என்பதுதான். நான் கண்டேன்.

பெருநாள் காலையில் ஹோலில் மூன்று பேரும் புது உடுப்பு இல்லாமல், கழுவிய உடுப்போடு நின்றோம். அத்தர் வாசனையும் வட்டிலப்பத்தின் ஏலக்காய் வாசனையும் ஒன்றாகக் கலந்திருந்தன. "வாப்பா, யோசிச்சு முடிஞ்சா?" என்று மகள் கேட்டாள். "முடிஞ்சி, மக" என்று சொல்லிவிட்டு முன்னால் போய் நின்று தக்பீர் கட்டினேன்.

பெருநாள் தொழுகையின் முதல் சுற்றான ரக்அத்தில் 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீரை மேலதிகமாக ஏழு தடவை சொல்ல வேண்டும். சொன்னேன், ஓதினேன். நடுவில் பின்னால் ஒரு கைதட்டல் கேட்டது. இமாம் பிழைவிட்டால் பெண்கள் கைதட்டித்தான் உணர்த்துவார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியே தொழுது முடித்து ஸலாம் கொடுத்தேன்.

"ரெண்டு தக்பீர் குறைஞ்சிட்டு" என்றாள் மனைவி. "அது கட்டாயமில்லாத சுன்னத்துதான், தொழுகைக்கு ஒண்டும் இல்ல. ஆனா ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதா ஒங்களுக்கு?"

"நான் எண்ணல்ல" என்றேன்.

"அப்ப மறுகா என்ன செஞ்ச?"

"அவனோட கதைச்சிட்டு இருந்தன்."