பாவு காயும் வரை

ராசிபுரத்துக்குள் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நுழைகிறேன். ஏறி ஓட்டினால் சூறைக்காற்று நேராகச் சாலையோரப் புளியமரத்துக்கே கொண்டுபோகிறது. முருகா, காற்றை நிறுத்து என்று காலையிலிருந்து வேண்டியும் இரண்டு முறை விழுந்தாயிற்று. முழங்கை சிராய்த்தது பெரிதில்லை. வண்டி முதலாளியுடையது. விளக்குக் கண்ணாடி விரிசல் விட்டதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று ஒத்திகை பார்த்தபடியே தள்ளுகிறேன்.

நெசவுக்காரர் தெருவில் ஓடுகள் பறந்து நொறுங்கிக் கிடக்கின்றன. சேலையின் நீளவாட்டு இழையான பாவு நூலைக் கஞ்சி தோய்த்துத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவைத்திருக்கிறார்கள். ஒரு முனையின் முளையைக் காற்று பிடுங்கிவிட, நெசவுக்காரர் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மல்லாடுகிறார்.

“ஏனுங்க, அந்த வண்டிய இப்படிக் கொண்டாங்க. நூலு தொவண்டா ஒண்ணோடொண்ணு ஒட்டிக்குமுங்க. ஒரு மாசத்துப் பொழப்பு.”

நான் யோசிப்பதற்குள் கயிற்றை வண்டியில் கட்டுகிறார்.

“வண்டி சாஞ்சா?”

“சாயாம நீங்க மேல ஏறி உக்காருங்க சாமி.”

உட்கார்கிறேன். காலை ஊன்றி, பிரேக்கை இறுக்கி, ஓர் அங்குலம் நகராமல் ஓட்டுகிறேன். தெருவே வேடிக்கை பார்க்கிறது. கால் மணியில் காற்று சட்டென்று அடங்குகிறது. அப்பாடா என்று காலைத் தூக்குகிறேன்.

“எறங்கீராதீங்க. நடுவுல இன்னும் ஈரமுங்க. காத்து நின்னுபோச்சுன்னா எப்படிக் காயும்?”

பொழுது சாய்வதற்குள் நாமக்கல் போய்ச் சேராவிட்டால் முதலாளி என்னைத் தோய்த்துக் காயப்போடுவார். வேறு வழியில்லை. காற்றை நிறுத்தச் சொல்லிக் காலையிலிருந்து நச்சரித்த அதே முருகனிடம், கொஞ்சம் வீசச் சொல்லிக் கேட்கிறேன்.