திங்கட்கிழமைக்குள் ஒரு பதில்

ரோஸ்மேரிக்கு உட்கார்ந்தாலும் இருப்புக் கொள்ளவில்லை, நின்றாலும் கொள்ளவில்லை. சாத்தூரிலிருந்து திருப்பூருக்கு வந்து பதினோரு வருஷமாக ஒரே பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இப்போது சூப்பர்வைசர் வேலை தருகிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டால், மூன்று வருஷமாக நினைத்து நினைத்து வைத்திருக்கும் சொந்தத் தையல் யூனிட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

"எதையாவது ஒண்ணச் சொல்லித் தொலை. நீ நடக்குற நடையில தரை தேஞ்சு போச்சு," என்றான் புருஷன் முனீஸ்.

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். குன்னத்தூர்க் கபடிக் குழுவுக்கு நாற்பது பனியன் வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஜோதிகா சொல்லியிருந்தாள். அதைத் தைத்துக் கொடுப்பது. சரியாக வந்தால் சொந்த யூனிட், சொதப்பினால் சூப்பர்வைசர்.

சனிக்கிழமை சாயங்காலம் துணி ரோல் வந்தது. வந்த சூட்டில் வீட்டுத் தரையில் விரித்து, ஒரே மூச்சில் வெட்டி முடித்தாள். ஞாயிறு மதியத்துக்குள் வாடகை மெஷினில் ஆள் வைத்துத் தைத்தும் முடித்தாள். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது.

வாங்க வந்த ஆட்டக்காரன் ஒன்றைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினான். தொப்புள் தெரிந்தது.

"ஏனுங்க்கா, எனக்குத் தெச்சீங்களா, எங்கூட்டுக் கொழந்தைக்குத் தெச்சீங்களா?"

அளந்தாள். எல்லாமே ஒன்றரை அங்குலம் குட்டை. வெட்டிய அளவில் தப்பில்லை. கம்பெனி கட்டிங் மாஸ்டர் அப்புசாமிக்குப் போன் போட்டாள்.

"துணியப் பிரிச்சு ஒரு நாளாச்சும் ஆறப் போட்டீங்களா?"

"ஆறப் போடணுமா?"

"இழுத்துச் சுத்தின ரோலுங்கம்மா. பிரிச்சுப் போட்டாத்தான் சுருங்கி நிக்கும். அதுக்குள்ள வெட்டிப்போட்டீங்க." சிரித்தே விட்டார்.

பதினோரு வருஷமும் வெட்டிய துணிதான் அவள் மெஷினுக்கு வந்திருக்கிறது. கட்டிங் ஹாலில் ரோல்கள் பிரிந்து கிடப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, அடுக்க இடமில்லாமல் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தாள்.

"அப்புறமென்ன, நீ சொன்னபடி சூப்பர்வைசர்தான," என்றான் முனீஸ். அவன் முகத்தில் இருந்த நிம்மதிதான் அவளைச் சுட்டது. வேறு பனியன் அடுத்த வாரம் தருவதாகச் சொல்லி ஆட்டக்காரனை அனுப்பினாள்.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் நின்றாள்.

"சூப்பர்வைசர் வேணாம் சார். கட்டிங்ல ஹெல்ப்பராப் போடுங்க."

"ஏனுங்கம்மா, ஏத்தி உடறோம்னா எறக்கி உடச் சொல்றீங்க? சம்பளமும் கொறையுமே."

"தெரியும் சார்."

"எத்தன நாளைக்கு?"

"ஆறு மாசம் சார். அதுக்கு மேல இங்க இருக்க முடியாது, என் யூனிட்டப் பாக்கணும்."