கோவர்த்தனன் காத்த வண்டிப்பேட்டை

கோவர்த்தனனை எனக்குப் பிடிக்காது. உயிரோடு இருந்தபோதும் பிடிக்காது, செத்த பிறகும் பிடிக்கவில்லை. செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். நானும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மீசையை நன்றாக முறுக்குவான். அதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை.

வடமாலபேட்டைக்குக் கிழக்கே, திருப்பதிக்குப் போகும் பெரிய ரோட்டின் மேலேயே இருந்தது அந்த வண்டிப்பேட்டை. எதிர்ச்சாரியில் நான் வைக்கோலும் விறகும் விற்றுக்கொண்டிருந்தேன். தணிகாசலம் கடை என்றால் அந்த வழியில் வண்டி ஓட்டிய எவருக்கும் தெரியும். கடையில் உட்கார்ந்தால் பேட்டைதான் கண்ணில் படும். அதனால் கோவர்த்தனனின் மூஞ்சியில் தினமும் விழிக்கும் தண்டனை எனக்கு வாய்த்தது.

அந்தக் காலத்தில் சத்தியவேடு, நகரி பக்கத்துக் குடும்பங்கள் திருப்பதிக்கு நேர்ந்துகொண்டால் கூண்டு வண்டியில்தான் வருவார்கள். ரயில் இல்லாமல் இல்லை. ஆனால் குழந்தை குட்டி, கிழவன் கிழவி, அரிசி மூட்டை, அம்மிக்கல் எல்லாவற்றையும் ரயிலில் ஏற்ற முடியுமா? வண்டிதான் அவர்களுக்கு வீடு. கூண்டுக்குள்ளே படுக்கை, கூண்டுக்கு வெளியே தொங்குகிற அரிக்கேன், அச்சுக்கு அடியில் கட்டிய சட்டிப் பானை. இப்படி வீட்டையே ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பொழுது சாய்ந்தால் வேண்டியது அதிகமில்லை. வண்டி அவிழ்க்க ஒரு நிழல், மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி, உலை வைக்க மூன்று கல், மாடு முதுகு தேய்க்க ஒரு நட்ட கல். இதையெல்லாம் தன் சொந்த நிலத்தில், தன் கைக்காசைப் போட்டு வைத்தவர் ஆதிநாராயணன். கிணறும் அவர் தோண்டியதுதான். கோவர்த்தனன் அவருடைய வீட்டோடு மாப்பிள்ளை. ஒரு மண்வெட்டி மண் அள்ளிப் போட்டவன் இல்லை.

பேட்டைக்கு ஒரு முறை உண்டு. வருகிற வண்டி நேரே உள்ளே நுழையாது. வாசலில் நின்று, ஓட்டுகிறவர் "கோவிந்தா" என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து பேட்டைக்காரர் "கோவிந்தா" என்று பதில் கொடுப்பார். அதோடு இடம் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். யார், எந்த ஊர், என்ன சாதி என்ற விசாரணையெல்லாம் கிடையாது. பதில் வராவிட்டால் வண்டி உள்ளே வரக்கூடாது. அது மட்டுமல்ல, சாமி பேருக்கே கதவைச் சாத்திய இடம் என்று சொல்லி வேறு எந்த வண்டியும் அங்கே அவிழ்க்காது. ஆதிநாராயணன் இருந்தவரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சோறு துன்னுகிற வாயாக இருந்தாலும் கவளத்தைத் துப்பிவிட்டுப் பதில் கொடுப்பார். மாடு எத்தனை என்று மட்டும்தான் கேட்பார், அதுவும் தொட்டியில் தண்ணீர் போதுமா என்று பார்க்க.

அவர் போன பிறகு பேட்டை கோவர்த்தனன் பெயருக்கு வந்தது. வேலை ஜெயம்மாவுக்கு வந்தது. ஜெயம்மா ஆதிநாராயணனின் ஒரே மகள். தண்ணீர் இறைப்பது, சாணி வாருவது, சாம்பல் பெருக்குவது எல்லாம் அவள். கோவர்த்தனன் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, வருகிற வண்டியின் கூண்டையும் மாட்டுக் கொம்பில் பித்தளைக் குப்பி இருக்கிறதா என்பதையும் பார்ப்பான். குப்பி இருந்தால் பணக்கார வண்டி, அவனுடைய "கோவிந்தா" கணீரென்று வரும். இல்லாவிட்டால் மூக்கால் முனகுவான். முனகலும் பதில்தானே என்று சனங்கள் பொறுத்துக்கொண்டு போனார்கள்.

இந்த மகானுக்கு ஓர் ஆசை இருந்தது. எப்போதோ சித்தூருக்குப் போனபோது முசாபரி பங்களாவைப் பார்த்திருக்கிறான். ஆபீசர்கள் வந்து தங்குகிற இடம். அங்கே இடுப்பில் சிவப்புப் பட்டை, மார்பில் பித்தளை வில்லையோடு ஒரு சேவகன் கதவைத் திறந்து சலாம் போட்டானாம். அன்றிலிருந்து இவனுக்குத் தூக்கம் போயிற்று. தன் பேட்டையை முசாபரி பங்களாவாக ஆக்கிவிட வேண்டும், தான் அந்த வில்லையைக் குத்திக்கொண்டு நிற்க வேண்டும். சொந்த இடத்தில் நாலு பேர் கையெடுத்துக் கும்பிட உட்கார்ந்திருக்கிறவன், இன்னொருவனுக்குக் கதவு திறந்துவிட ஏங்குவதை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் தினம் பார்த்தேன்.

ஐம்பத்து மூன்றில் கர்னூலைத் தலைநகராக வைத்து ஆந்திரா தனி ராஜ்யமாயிற்று. சித்தூர் ஜில்லாவில் எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்ற எல்லைத் தகராறு தொடங்கியது. எங்களைப் போன்றவர்கள் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசிக்கொண்டு பிழைப்பைப் பார்த்தோம். கோவர்த்தனன் அப்படி இருப்பானா? கர்னூல்காரர்கள் கை ஓங்கியிருக்கிறது என்று டீக்கடையில் பேப்பர் படித்தால், அன்று பொண்டாட்டியிடம்கூடத் தெலுங்கு. மறுநாள் மெட்ராஸ்காரர்கள் விடமாட்டார்கள் என்று செய்தி வந்தால், செந்தமிழ். பேட்டை வாசலுக்குத் தெலுங்கில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக இரண்டு போர்டு எழுதி வைத்திருந்தான். எந்தப் பக்கம் ஜெயிக்கிறதோ அதை மாட்டுவதற்கு.

ஐம்பத்தைந்து புரட்டாசியில் புத்தூர் சந்தையிலிருந்து ஒரு செய்தியைத் தூக்கிக்கொண்டு வந்தான். எல்லை விஷயமாக ஊர் ஊராகப் பார்க்க ஓர் ஆபீசர் வருகிறார். மோட்டாரிலேயே கட்டில், மோட்டாரிலேயே அடுப்பு, மோட்டாரிலேயே தூக்கம். அவருக்குத் தேவை வண்டி நிறுத்தச் சுத்தமான இடமும் நல்ல தண்ணீரும் மட்டும்தான். சொன்னவன் யார் என்று கேட்டேன். அதெல்லாம் இவனுக்கு எதற்கு? அந்த மோட்டார் தன் பேட்டையில் ஒரு ராத்திரி நின்றுவிட்டால் பங்களா வந்த மாதிரி, வில்லை குத்தின மாதிரி என்று தலைகால் புரியாமல் ஆடினான்.

சுவருக்கு வெள்ளையடித்தான். அடுப்புக் கற்களைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தான். வாசலை முள் படலால் அடைத்தான். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஜெயம்மாவை விட்டு நிரப்பச் செய்து, மேலே பலகை போட்டு மூடினான்.

"இன்னாய்யா இது, தொட்டிய மூடிக்கினு நிக்கிற? பொரட்டாசி மாசம். சாயங்காலம் வண்டி வருமே" என்றாள் ஜெயம்மா.

"வந்தா ஏரிக்குப் போவட்டும். ஆபீசருக்கு மாட்டு எச்சத் தண்ணியா குடுக்கறது?"

"ஆபீசரு தொட்டியில வாய வச்சா குடிக்கப் போறாரு?"

நான் எதிரே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அவன் என்னை முறைத்துவிட்டு உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டான்.

அன்று பிற்பகலே ஒரு மோட்டார் வந்தது. பழைய மிலிட்டரி வண்டி, பின்பக்கம் அறை மாதிரி அடைத்து ஜன்னல் வைத்திருந்தது, கூரையின் மேல் சாக்குத் துணியால் மூடி ஏதோ கட்டியிருந்தது. ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிந்தது. போதாதா? கோவர்த்தனன் வாங்கி வைத்திருந்த மாலையோடு ஓடினான். "நமஸ்காரமண்டி, தயசேயண்டி, தயசேயண்டி" என்றான். உள்ளேயிருந்து பேச்சு மூச்சு இல்லை. மெட்ராஸ் பக்கத்து ஆளோ என்று பயந்து, "வாங்க, வாங்க, வரணும்" என்று மாற்றினான். பனியனோடு ஒருவர் இறங்கினார். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார். இன்ஜின் கொதிக்கிறது, தண்ணீர் வேண்டும் என்றார். கோவர்த்தனன் தன் கையாலேயே வாளி வாளியாக ஊற்றினான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் தண்ணீர் தூக்கி அன்றுதான் பார்த்தேன். அறைக்குள்ளே அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. "எல்லாம் எல்லைக் காகிதம்" என்று என்னிடம் வந்து கிசுகிசுத்தான். அந்த ஆள் ஸ்டவ் பற்றவைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் நீட்டிப் படுத்தார்.

பொழுது இறங்குகிற நேரத்துக்குச் சத்தியவேடு பக்கத்திலிருந்து மூன்று வண்டிகள் வந்தன. முன் வண்டியில் ஏகாம்பரம், கூட அவன் சம்சாரம் சுந்தரம்மா. பரம்பரை பரம்பரையாக அடுத்தவன் வண்டியை ஓட்டிப் பிழைத்த குடும்பம். முதல் முதலாகச் சொந்தத்தில் வண்டி வாங்கி, அதை மலையடிவாரத்துக்கு ஓட்டிப்போய்ச் சாமியிடம் காட்டுவதாக நேர்ந்துகொண்டு வந்திருந்தார்கள். மாட்டு வாயில் நுரை தள்ளியிருந்தது.

"கோவிந்தா" என்றான் ஏகாம்பரம்.

கோவர்த்தனன் விரலை உதட்டில் வைத்து, மோட்டாரைக் காட்டினான். ஏகாம்பரத்துக்குப் புரியவில்லை. முள் படலைப் பார்த்தான், மூடிய தொட்டியைப் பார்த்தான். இன்னும் பலமாகக் கூப்பிட்டான், "கோவிந்தா! மாடு காலைலருந்து தண்ணி பாக்கல சாமி."

"கத்தாதடா. ஆபீசர் தூங்கறாரு. கண்டவனும் வண்டிய அவுத்துப் போட இது இன்னா சத்திரமா? ஏரிக்கு ஓட்டு."

சத்திரம்தான் அது. வேறென்ன? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாணிக் கையோடு கொல்லையிலிருந்து ஜெயம்மா வந்தாள். இரண்டாவது குரல் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"பதில் சொல்லுய்யா" என்றாள்.

"நீ உள்ள போ."

"எங்க நைனா வெட்டின கெணறு. இங்க கூப்ட்டு பதில் வராம ஒரு வண்டி திரும்பினதில்ல. இன்னிக்குத் திரும்பிச்சின்னா அப்புறம் ஒருத்தரும் இங்க அவுக்க மாட்டாங்க. அவரு பேரு அதோட போச்சு. பதில் சொல்லுய்யா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கையைக் கழுவினாள், கிணற்றுக் கயிற்றையும் குடத்தையும் எடுத்துக்கொண்டாள், முள் படலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "வாங்க, நான் எடம் காட்றேன்" என்று ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டு மாட்டுக்கு முன்னே ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். சுந்தரம்மா வண்டியை விட்டு இறங்கி அவள் கூடவே நடந்தாள். நான் இரண்டு கட்டு வைக்கோலைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

விடிந்ததும் அந்த மோட்டார்க்காரர் கூரைமேல் இருந்த சாக்கை எடுத்தார். உள்ளே ஒலிபெருக்கி. பல்பொடி விற்கிற ஆள் அவர். ஈறு வீக்கத்துக்கும் வாய் நாற்றத்துக்கும் அந்தப் பொடியைப் போல உண்டா என்று ஊரே கேட்கிற மாதிரி முழங்கினார். அட்டைப் பெட்டிக்குள் இருந்த எல்லைக் காகிதம் அதுதான். போகும்போது, தண்ணீர் ஊற்றினவனுக்கு என்று ஒரு பொட்டலம் இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனார். கோவர்த்தனன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றான். நிஜமான எல்லை ஆபீசர் எந்த வழியில் வந்தார், வந்தாரா இல்லையா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஜெயம்மா சொன்னபடியே நடந்தது. செய்தி வண்டிக்கு வண்டி பரவி, அந்தப் புரட்டாசி முடிவதற்குள் நகரியைத் தாண்டிப் போய்விட்டது. பேட்டை வாசலில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. கோவர்த்தனன் படலைப் பிடுங்கினான், பலகையை எடுத்தான், கற்களைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தான். கடைசியில் தானே ரோட்டுக்கு வந்து, போகிற வண்டிகளைப் பார்த்து "கோவிந்தா, கோவிந்தா" என்று கூவினான். வண்டிக்காரர்கள் மாட்டு வாலை முறுக்கி ஓட்டிக்கொண்டு போனார்கள். பித்தளைக் குப்பி மாட்டின மாடுகளும் போயின.

எல்லாரும் ஏரிக்கரையில் அவிழ்த்தார்கள். ஜெயம்மா அங்கேயே இருந்துவிட்டாள். வண்டிக்காரர்கள் சேர்ந்து ஓலைக் குடிசை போட்டுக் கொடுத்தார்கள், சின்னதாக ஒரு தொட்டியும் கட்டினார்கள். நானும் கடையை அங்கே மாற்றிக்கொண்டேன். வியாபாரத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் பதில் குரல் கொடுப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோவர்த்தனனுக்கு அப்போதும் புத்தி வரவில்லை. எல்லை முடிவாகட்டும், பங்களா வரும், அப்போது இவளே ஓடி வருவாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அறுபதில் எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸுக்குப் போனது. நாங்கள் ஆந்திராவிலேயே இருந்தோம். பங்களாவை வேறெங்கோ கட்டினார்கள். யாரும் இவனைக் கேட்கவில்லை. பேட்டைக் கிணறு தூர்ந்துகொண்டிருந்தது, தானே பொங்கித் துன்னு வயிறும் கெட்டுப்போயிருந்தது. அப்போதுதான் ஏரிக்கரைக்கு வந்தான்.

"வூட்டுக்கு வா ஜெயா" என்றான். இல்லாவிட்டால் தானே இங்கே வந்துவிடுவதாகவும் சொன்னான்.

அவள் பானை விளக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "இங்க வண்டியோட வரவங்களுக்குத்தான் எடம்" என்றாள்.

வேறொருவனாக இருந்தால் புரிந்துகொண்டு போயிருப்பான். இவன் மறுநாள் எங்கேயோ ஒரு மொட்டை வண்டியையும் கிழட்டு மாடுகளையும் இரவல் வாங்கி, கூண்டுக்குப் பதில் பாயை வளைத்துக் கட்டி, சாயங்காலம் வண்டிகளோடு வண்டியாக வந்து நின்றான். மீசையை முறுக்கியிருந்தான். "கோவிந்தா" என்றான். கரை முழுக்க எல்லாரும் அவளைத்தான் பார்த்தோம். அவள் பதில் கொடுத்தாள். எல்லாருக்கும் கொடுக்கிற அதே குரல். வரிசைக் கடைசியில் இடம் காட்டினாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், உலைக்குக் கல் வைத்துக் கொடுத்தாள். அவன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். ஜெயித்துவிட்டானாம்.

பொழுது விடிந்தது. திருப்பதி போகிற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு கிளம்பின. அவன் மட்டும் வண்டிக்கு அடியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். ஜெயம்மா துடைப்பத்தோடு வரிசையாக இடத்தைக் கூட்டிக்கொண்டே வந்தாள். அவன் வண்டிக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சுங்க. வண்டியக் கட்டுங்க. ரோட்ல ஆளுங்க எடத்துக்கு நின்னுக்கினு இருக்காங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனை 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. வழிப்போக்கர்களிடம்தான் அவள் அப்படிப் பேசுவாள்.