பிஸ்கட் டப்பாவில் பூட்டிய அல்லேலூயா

எங்கள் வீட்டு பீரோவைத் திறந்தால் போதும், திருச்சபையில் இப்போது என்ன காலம் என்று தெரிந்துவிடும். முன்னால் ஊதாச் சட்டை தொங்கினால் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலமோ, தவக்காலமோ. வெள்ளை தொங்கினால் கிறிஸ்து பிறப்போ, ஈஸ்டர் என்கிற உயிர்ப்போ. பச்சை என்றால் பொதுக்காலம்; வருஷத்தில் பாதிக்கு மேல் அந்தப் பச்சையைத்தான் நான் துவைத்துப் போடுகிறேன். சிவப்பு ஒன்றே ஒன்று, பெந்தக்கோஸ்து மாதிரி சில நாட்களுக்கு. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் கிரீஸ் கையோடு அலைகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசைக்குச் சாமியார் போடுகிற அதே நிறத்தில், அவரோடு போட்டி போடுகிற மாதிரி உடுத்துவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் காலண்டர் சார்.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், பதினேழு வருஷமாக ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறார். அட்டையில் ஒரு லிஃப்ட் செய்து, மாடிக்கு ஒரு நிறமாகப் பொத்தான் ஒட்டி வைத்திருக்கிறார். கீழ்த்தளம் திருவருகைக் காலம். அங்கிருந்துதான் திருச்சபையின் வருஷம் கிளம்பும். "நேரா கிறிஸ்துமஸுக்குப் போயிடலாம் சார்" என்று பிள்ளைகள் கெஞ்சும். "இந்த லிஃப்ட் எந்த மாடியையும் தாண்டிப் போகாது. கதவு திறக்குற வரைக்கும் நின்னுதான் ஆகணும்" என்பார். காப்பி ஐந்து நிமிஷம் தாமதமானால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர் பேசுகிற பேச்சு இது. நான் யாரிடம் போய்ச் சொல்ல?

உயிர்ப்புக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் கோயிலில் அல்லேலூயா பாடுவதில்லை; அது சந்தோஷத்தின் வார்த்தை. அதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இவர் ஒரு வழி வைத்திருந்தார். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிறு, ஒவ்வொரு பிள்ளையும் அந்த வார்த்தையைத் தாளில் எழுதி, கலர் அடித்து, பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். டப்பாவைக் கயிற்றால் கட்டி அலமாரி மேல் வைத்துவிடுவார். உயிர்ப்பு ஞாயிறு அன்றுதான் திறப்பு. இந்த வருஷம் உற்சாகம் தலைக்கேறி, ஒரு வரி கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

"அதுவரைக்கும் இந்த வார்த்தை யார் வாயிலயும் வரக்கூடாது. கோயில்ல மட்டுமில்ல, வீட்லயும்தான்."

வந்து பெருமையாகச் சொன்னபோதே எனக்கு உறுத்தியது. "நீங்க ஒண்ணு சொன்னா அதுங்க ஒன்பது பண்ணும்" என்றேன். கேட்டால்தானே.

அந்த வகுப்பின் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. பொக்கைவாய் என்றால் அவள்தான். அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. தவக்காலத்தின் நான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவளுடைய அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. உங்க வகுப்புல பிள்ளைங்க ஏதாவது கெட்ட வார்த்தை பேசுதுங்களா?"

இவர் முகம் சுருங்கிவிட்டது. நான் அவளை உட்காரவைத்தேன். பதினொரு மாதம் கழித்து, முந்தாநாள் கணவர் வந்திருக்கிறார். கப்பல் பழுதானதால் எதிர்பாராமல் கிடைத்த பத்து நாள் லீவு. அப்பாவைப் பார்த்ததும் மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய், குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம். அதிலிருந்து அவர் கிட்டப் போவதே இல்லை.

"கேட்டா, 'ஒரு வார்த்தை வந்துடும்'ங்கிறா. என்ன வார்த்தைடின்னா, 'அதைச் சொல்லக்கூடாது'ங்கிறா. அவர் சரியாச் சாப்பிடக்கூட இல்ல சார். பிள்ளை என்னை மறந்துட்டான்னு சுவத்தைப் பாத்து உட்கார்ந்திருக்கார்."

இவர் மெதுவாகக் கேட்டார். "வழக்கமா அவர் வந்து இறங்கினா நீங்க என்ன செய்வீங்க?"

"பையைக் கீழ வச்சதும் பிள்ளையைத் தூக்கிக்குவார். மூணு பேரும் சேர்ந்து அல்லேலூயா பாடுவோம். அது எங்க வீட்டுப் பழக்கம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றாலும் பாவம், அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டுமே அந்தக் குழந்தை.

இவர் டப்பா விஷயத்தை அவளிடம் ஒப்புக்கொண்டார். பிறகு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "உயிர்ப்பு ஞாயிறுக்கு இன்னும் பத்தொன்பது நாள்..."

"அவர் எட்டு நாள்ல கிளம்பிடுவார் சார்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நாள் எண்ணினது போதும். போய் டப்பாவை எடுத்துட்டு வாங்க" என்றேன்.

கோயில் அறைக்குப் போய் எடுத்து வந்தார். மூன்று பேரும் அவர்கள் வீட்டுக்கு நடந்தோம். அப்பா நாற்காலியில் இருந்தார். மகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கை வாய் மேல். அம்மா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, சார் தப்பாச் சொல்லிட்டேன். கோயில்ல பாட மாட்டோம், அவ்வளவுதான். வீட்ல சொல்லலாம். அது நானா சேர்த்தது."

கல்யாணமான நாளிலிருந்து இவர் தன்னைப் பற்றி 'தப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவளோ நம்பவில்லை.

"உயிர்ப்பு ஞாயிறு வந்துடுச்சா சார்?"

"வரல."

"அப்ப டப்பாவை ஏன் எடுத்துட்டு வந்தீங்க?"

பதில் அப்பாவிடமிருந்துதான் வந்தது.

"அன்னிக்கு அப்பா கடல்ல இருப்பேன் செல்லம். அதான்."

அவள் கதவை விட்டு வந்து, கயிற்று முடிச்சைப் பல்லில்லாத வாயால் கடித்துப் பார்த்து, முடியாமல் கையால் அவிழ்த்தாள். தன் தாளைத் தேடி எடுத்தாள். மற்றவர்களுடையதை அடுக்கி உள்ளே வைத்து மூடி, சாரிடமே கொடுத்தாள். அப்பா மடியில் ஏறி, வேறு யாருக்கும் கேட்டுவிடாதபடி அவர் காதில் வாயை வைத்துச் சொன்னாள். பொக்கைவாயில் பாதி காற்று, பாதி வார்த்தை. அந்தப் பெரிய மனிதர் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நானும்தான் அழுதேன், இதில் என்ன வெட்கம். கிளம்பும்போது பார்த்தேன், அந்தத் தாளை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

உயிர்ப்பு ஞாயிறு அன்று வகுப்பில் டப்பாவைத் திறந்தார்கள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். ஆளுக்கொரு தாளைப் பாய்ந்து எடுத்தார்கள். வெறுங்கையோடு நின்றவளைப் பார்த்து, "உன்னோடது எங்கடி?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"கப்பல்ல இருக்கு" என்றாள். அப்புறம் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.