எட்டு வரும் கிரேன்

எந்த எண்ணைக் கண்டாலும் வகுத்துப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பஸ் டிக்கெட், கதவு எண், எதையும் விடமாட்டாள். பள்ளிக்கூடத்தில் வைத்த 'வகுத்தல்' என்ற பட்டப்பெயர், அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட வந்தபோதும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

அங்கே அவள்தான் முதல் பெண். எல்லாரும் ஏற மறுத்த கிரேனை அவள் தலையில் கட்டினார்கள். அதன் பக்கவாட்டில் பெரிதாக 65537 என்று எழுதியிருக்கும். இலக்கங்களைக் கூட்டினால் இருபத்தாறு. மறுபடி கூட்டினால் எட்டு. எட்டு ஆகாது என்பது ஆண்களின் கட்சி. முன்பு ஓட்டியவர் ஏணியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதும் அந்தக் கட்சிக்குப் பலம் கூடியது.

கப்பல் வராத வேளைகளில் அவள் கேபினில் உட்கார்ந்து அந்த எண்ணோடு மல்லுக்கு நின்றாள். மூன்று, ஏழு, பதினொன்று என்று தொடங்கி இருநூற்று ஐம்பத்தொன்று வரை பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்தாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. பகா எண்ணேதான்! ஒன்றைக் கழித்துவிட்டுப் பாதி பாதியாக்கினால், பிசிறில்லாமல் ஒன்றில் வந்து நின்றது. அவளுக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ஒருநாள் இரும்புக் கயிறு அறுந்து மரப்பெட்டி ஒன்று கீழே விழுந்து நொறுங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. மறுநாள் காலை மேஸ்திரி பெயிண்டரோடு வந்து நின்றார்.

"கடைசி ஏழை எட்டாக்கிட்டா கூட்டுத்தொகை ஒன்பது வந்துடும். வழி விடும்மா."

"கயிறு தேஞ்சுபோச்சு, மாத்துங்கன்னு போன வாரமே சொன்னேனே அண்ணே. எண்ணுக்குப் பெயிண்ட் அடிச்சா கயிறு புதுசாயிடுமா?"

"எல்லாரும் சொல்றாங்கம்மா."

"ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்! யாராலயும் வகுக்க முடியாத எண்ணை, ரெண்டாலயும் மூணாலயும் வகுபடற எண்ணா ஆக்கப் பாக்கறீங்களே. கயிறை மாத்துங்க. எண்ணுல கை வைக்க விடமாட்டேன்."

ஏணியடியில் கைகட்டி நின்றாள். பெயிண்டர் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "வகுத்தலுக்கு ஒரு நட்டு கழண்டுடுச்சு" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் அசையவில்லை. சரக்கு இறக்காத கப்பல் சங்கை ஊதி ஊதிப் பார்த்தது. மதியத்துக்குள் மேஸ்திரி அலுத்துப்போய்ப் புதுக் கயிற்றுக்கு ஆள் அனுப்பினார்.

"வேற கிரேன் கேளேன்" என்றான் கணவன், அன்று வீட்டில்.

"கேக்கமாட்டேன். நான் இறங்கினா எட்டு ஜெயிச்சதா ஆகிடும்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் கயிறைத் தடவிப் பாத்துட்டு ஏறறேன். எண்ணைப் பாத்து இல்ல."

எண் அழியவில்லை. ஆண்களின் கட்சியும் மாறவில்லை. அவள் விடுப்பு எடுக்கும் நாள்களில் இன்றும் அந்தக் கிரேன் சும்மாதான் நிற்கிறது. "ஏறி ஓட்டுங்கப்பா, கடிக்காது" என்று சாப்பாட்டு அறையில் எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு, சிரித்தபடி டிபன் டப்பாவைக் கழுவப் போவாள்.