சுண்ணாம்புக் கிட்டங்கியில் ஒரு நத்தை

1892-ஆம் ஆண்டு வெயில் மாதங்களில் குருவனூத்தில் தங்கியிருந்தவன் சின்னப்பராஜ் ஒருவன்தான். மலைக்கு மேலே பெரியாற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கு முடிந்து மலைப்பாதை ஏறத் தொடங்கும் குருவனூத்தில், அணைக்குப் போகும் சாமான்களை அடுக்கிவைக்கும் கிட்டங்கிகள் இருந்தன. வெயில் ஏறினால் காட்டுக்காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்தால் வேலை நிற்கும். கூலிகள், வண்டிக்காரர்கள், துரைமார் எல்லாரும் இறங்கிப் போய்விடுவார்கள். சுண்ணாம்பு மட்டும் அங்கேயே கிடக்கும். கோடைமழையில் அது நனையாமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

யார் இருப்பது என்று மேஸ்திரி கேட்டார். ஒருவன் பெண்டாட்டி பிரசவம் என்றான். இன்னொருவன் அம்மாவுக்குக் கண் தெரியாது என்றான். சின்னப்பராஜுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில் அப்பனும் ஆத்தாளும் போனார்கள். இராயப்பன்பட்டியில் அக்காள் ஆரோக்கியம்மாள் வளர்த்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகு அத்தான் வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டு, மாட்டுக்கொட்டத்திலேயே படுத்துக்கொண்டு வளர்ந்தான். அங்கே யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொன்னவர்களும் இல்லை. அணை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பி வந்துவிட்டான்.

நத்தை அவனிடம் வந்தது தற்செயல். கடைசியாக மலையிலிருந்து இறங்கிய வண்டியில் ஈரச் சாக்குகள் கிடந்தன. அவற்றை உதறும்போது ஒன்று விழுந்தது. வயல் நத்தை போல இல்லை. ஓடு மெல்லியது, உடம்போ மிளகாய்ப்பழச் சிவப்பு. வண்டிக்காரன், "தூக்கி எறி" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டினான். வண்டிச் சத்தம் அடங்கியது. சின்னப்பராஜ் நத்தையை எறியவில்லை.

சாமான் வந்த மரப்பெட்டி ஒன்றை எடுத்து, ஒரு பக்கப் பலகையைக் கழற்றி, உடைந்த சன்னல் கண்ணாடியை வைத்தான். அடியில் ஓடைக்கரை மண். மேலே ஈரக் கோணி. வெள்ளரித்தோல், பூசணித்துண்டு, பப்பாளியிலை என்று எதைப் போட்டாலும் தின்றது. தின்றதைவிட அதிகமாகக் கழித்தது. இரண்டு நாள் விட்டால் பெட்டி நாறும். ஆகவே காலையில் முதல் வேலை அதுதான். நத்தையை ஓர் இலையில் ஏற்றி வெளியே வைப்பான். அழுகிய தோலைப் பொறுக்குவான். கண்ணாடியில் காய்ந்த கோழையைத் தேங்காய்நாரால் தேய்ப்பான். அந்த நேரத்தில் நத்தை கிட்டங்கிச் சுவரில் ஏறி வெள்ளையடித்த சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னும். ஓட்டுக்கு அது வேண்டும்போல என்று நினைத்து, சுவரில் உதிர்ந்த பொருக்குகளைப் பெட்டியிலும் போட்டுவைத்தான்.

வாரத்துக்கு ஒருமுறை கூடலூரிலிருந்து மலைச்சாமி அரிசி கொண்டுவருவார். மானாவாரி விவசாயி, நாக்கு நீளம். பெட்டிக்குள் பார்த்ததும் அவருக்கு வாய் ஊறியது.

"ஏலே, மூலத்துக்கு இதைவிட மருந்து கெடையாது. மெளகு அரைச்சுப் போட்டு வைக்கட்டா?"

"உங்களுக்கு மூலமாண்ணே?"

"இன்னும் இல்ல. வந்தா என்ன செய்ய?"

அடுத்த முறை அவர் வந்தபோது சின்னப்பராஜ் வாசலிலேயே நின்றான். நத்தை மண்ணைக் குடைந்து முட்டையிட்டிருந்தது. குன்றிமணி அளவில், வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு கைப்பிடி.

"ஒத்தை நத்தை எப்படிலே முட்டை போடும்?" என்று மலைச்சாமி குனிந்து பார்த்தார். "மலையிலயே மாப்பிள்ளைய முடிச்சுட்டுத்தான் எறங்கிருக்கு. நீ இம்புட்டு நாளா இங்கன கெடக்க, ஒன்னய எவளும் எட்டிப் பாக்கல. அது உள்ளாற கெடந்தே குடும்பத்தைப் பெருக்கிருச்சு பாரு."

சின்னப்பராஜ் சிரித்தான். அன்று முழுவதும் அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது. குஞ்சு பொரித்தால் பெட்டி போதாது, இன்னொன்று செய்ய வேண்டும் என்று பலகை தேடினான். இத்தனை உயிர்கள் தன்னோடு இருக்கப்போகின்றன என்பதை அவனால் வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. நத்தையிடமே சொன்னான்.

அதற்கடுத்த முறை மலைச்சாமி கேலி பேசவில்லை. கீழே பேதி பரவியிருந்தது.

"கம்பத்துல நெறைய பேரு செத்துப் போனாக. உங்கக்கா வீட்டுல எல்லாரும் நல்லாருக்காக. உத்தமபாளையம் சந்தையில பாத்து இதைக் குடுத்துவிட்டாக." மடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்தார். "உங்க மாதாகோயில் சாமியாரு மந்திரிச்ச உப்பாம். மூலைக்கு மூலை போடச் சொன்னாக. எங்கூருல அம்மனுக்குக் காப்புக் கட்டப் போறாக. இனிமே எப்ப வருவேனோ."

இராயப்பன்பட்டியில் மந்திரித்த உப்பு வீட்டின் நான்கு மூலைகளோடு நிற்பதில்லை. கிணற்றில் ஒரு கல் போடுவார்கள். கன்று ஈன்ற மாட்டின் தொட்டியில் ஒரு சிட்டிகை கட்டாயம் உண்டு. அத்தான் வீட்டில் அதைப் போடுவது சின்னப்பராஜின் வேலை. அந்த வீட்டில் அவன் கையால்தான் நடக்க வேண்டும் என்றிருந்த ஒரே காரியம் அது. கிட்டங்கியின் மூலைகளில் போட்டான். பிறகு சிலுவை வரைந்துகொண்டு, மிச்சத்தைப் பெட்டிக்குள் தூவினான். முட்டை இருந்த பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே தூவினான்.

காலையில் கோணியைத் தூக்கினான். பெட்டிக்குள் நுரை. நுரைக்கு நடுவே சுருங்கிய சிவப்பு. தொட்டுப் பார்த்தான். இலையில் எடுத்து ஓடைநீரில் அலசினான். மறுபடியும் அலசினான். அது கொம்பை நீட்டவில்லை.

நத்தையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெட்டிக்கு ஓடினான். உப்பு மேல்மண்ணில்தான் இருந்தது; ஈரத்தோடு இறங்கிக்கொண்டிருந்தது. மண்வெட்டி உதவாது. சோற்றகப்பையை எடுத்து, முட்டைகளைச் சுற்றி மண்ணை விலக்கினான். மேலே கிடந்தவை வதங்கிக் குழிந்திருந்தன. அடியில் இருந்தவை உருண்டையாகவே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாழைமட்டையில் வைத்தான். எது மேல்பக்கமாக இருந்ததோ அதை மேல்பக்கமாகவே வைத்தான்; கோழி அடை காக்கும்போது ஊரில் அவ்வளவு கவலைப்பட்டதில்லை. பழைய மண்ணைத் தூரக் கொட்டினான். பெட்டியை ஓடையில் அமிழ்த்திக் கழுவினான். பலகையை நாக்கால் தொட்டுப் பார்த்தான், கரித்தது. திரும்பக் கழுவினான். கரிப்பு முழுவதும் போகும்வரை கழுவிவிட்டு, புது மண் பரப்பி, முட்டைகளை வைத்து மூடினான். செத்த நத்தையை ஓடைக்கரையில் புதைத்தான். செபம் சொல்லலாமா என்று யோசித்தான். உப்பு நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

பிறகு காத்திருந்தான். மலைச்சாமி வரவில்லை. அரிசி குறைந்தது, கஞ்சியாகக் காய்ச்சினான். மண் காய்ந்தால் தண்ணீரைக் கையில் எடுத்து விரலிடுக்கால் தெளித்தான். சில முட்டைகளில் பூஞ்சை பிடித்தது. மற்றவற்றுக்குப் பரவாமல் பொறுக்கி எறிந்தான். பேசவும் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. முட்டையோடு பேசிப் பார்த்தான். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது, நிறுத்திவிட்டான். ஒருநாள் உடம்பு காய்ந்தது. காய்ச்சல் தன்னைப் பிடித்தால் மண்ணை யார் நனைப்பார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. எழுந்துபோய் நனைத்துவிட்டு வந்து படுத்தான். இரண்டொரு நாளில் காய்ச்சல் விட்டது.

முதல் மழை பெய்த மறுநாள் கண்ணாடியின் அடியில் மிளகளவில் ஏதோ ஒட்டியிருந்தது. மண்துணுக்கு என்று விரலை நீட்டினான். அது கொம்பை நீட்டியது. ஓடு கண்ணாடிபோல, உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. தேடத் தேட இன்னும் சில. தாங்கள் உடைத்து வந்த முட்டைத்தோலையே தின்றுகொண்டிருந்தன.

மலைச்சாமி வந்தபோது கையில் மஞ்சள் துணி முடிந்திருந்தது. அரிசியை இறக்கக்கூட விடாமல் சின்னப்பராஜ் அவரை இழுத்துக்கொண்டு போனான். நடந்ததை நடந்தபடி சொன்னான்.

"அடப்பாவி, நத்தையில உப்பைப் போட்டியா? எங்க வீட்டுல கறி வைக்கையில கோழை கழட்ட அதைத்தான் போடுவோம்." தலையில் அடித்துக்கொண்டார். "சரி, குஞ்சு எங்கன?"

"அங்கன பாருங்கண்ணே. கண்ணாடியில."

மலைச்சாமி வெகுநேரம் பார்த்தார். "எலேய், நகருதுலே!" என்றார். பிறகு, "ரெண்டு குடு. எம்புள்ளைகளுக்குக் காட்டுறேன்."

சின்னப்பராஜ் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான்.

"குடுக்க மாட்டேன். புள்ளைகள இங்கன கூட்டியாங்க."

"காய்ச்சக் காட்டுக்கா?"

"மழை பேஞ்சிருச்சுல்ல. கூட்டியாங்கண்ணே. நீங்களும் இன்னைக்கு இருந்துட்டுப் போங்க. கஞ்சி இருக்கு."

மலைச்சாமி அவன் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் இவன் அவரை இருக்கச் சொன்னதில்லை. கையை உயர்த்தி மஞ்சள் துணியைக் காட்டினார்.

"காப்புக் கட்டிருக்கேன் அப்பு. பொழுது சாயுறதுக்குள்ள ஊருக்குள்ள இருக்கணும். காப்பு அவுத்ததும் பாப்போம்."

"பாப்போம்னா வருவீகளா?"

"வாரேன்லே. புள்ளைகளையும் கூட்டியாரேன்."

அவர் பாதையில் இறங்கி மறைந்தார். சின்னப்பராஜ் உள்ளே வந்து, சுவரோரம் இருந்த பெட்டியைத் தூக்கித் தன் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.