சாய்ந்த நீலம்

லாஸ் வேகாஸில் சூதாட்டச் சில்லு செய்யும் பட்டறையில் வெர்னா டட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது சில்லு என்றால் ஒரே நிறக் களிமண் வட்டு, அதன்மேல் ஓர் அச்சு, அவ்வளவுதான். ஊரில் கேசினோக்கள் பெருகின. கள்ளச் சில்லு அடிப்பவர்களும் பெருகினார்கள். அச்சைக் காப்பியடித்தார்கள் என்று நடுவில் காகிதச் சித்திரம் பதித்தால் அதையும் அடித்துவிட்டார்கள், படுபாவிகள். கடைசியில் விளிம்பை வெட்டி, வேறு நிறக் களிமண்ணைச் செருகி, சூட்டில் அழுத்தும் முறை வந்தது. செருகுவது வெர்னா. திருடர்கள் இல்லாவிட்டால் எனக்கு ஏது பிழைப்பு என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

1957 மார்ச்சில் அவளுடைய வலது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. லீவு போட்டால் சம்பளம் கிடையாது. இடது கையால் செருகினாள். நாற்பது சில்லுகளில் நீலத்துண்டு மயிரிழை சாய்ந்துவிட்டது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அனுப்பிவிட்டாள்.

பார்த்தார்கள். அவற்றை வாங்கிய கேசினோவின் சலவைக்காரன் லானி பீச்சம் தனக்கு டிப்ஸாக வந்த நான்கு சில்லுகளைக் காசாக்கப் போனான். மற்ற சில்லுகளோடு அடுக்கிப் பார்த்ததும் விளிம்பில் நீலம் ஒரே வரிசையில் நிற்காமல் உதைத்தது. கள்ளச் சில்லுக்காரன் என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

சில்லு பட்டறையில் செய்ததுதானா என்று அடையாளம் சொல்ல வெர்னாவைக் காரில் கூட்டிப்போன பட்டறை முதலாளி ஹாஸ்கெல் வழியிலேயே சொன்னார்: "நம்ம சரக்குன்னு சொன்னா ஆர்டர் போச்சு, உன் வேலையும் போச்சு. தெரியாதுன்னு சொல்லிடு."

கேசினோ மேனேஜரின் அறையில் லானி ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவள் அவனை முன்பின் பார்த்ததில்லை.

"இது என் கை வேலை," என்றாள் மேனேஜரிடம். "என் தப்பு. இன்னும் முப்பத்தாறு உங்க பெட்டியிலயே கெடக்கும், பாருங்க."

பெட்டியைத் திறந்தார்கள். கிடந்தன. லானி வீட்டுக்குப் போனான்; வெர்னாவும்தான், வேலையில்லாமல், நடந்தே.

ஜூன் மாதம் ஊரெங்கும் கள்ளச் சில்லு. எல்லாவற்றிலும் நீலம் நேராக இருந்தது. இனிமேல் சாய்த்தே செய்யுங்கள் என்று கேசினோ புது ஆர்டர் கொடுத்தது. பட்டறையில் வேறு யார் கைக்கும் அந்தச் சாய்வு வரவில்லை. ஹாஸ்கெல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெர்னாவின் வாசலில் நின்றார்.

"மொதல்ல லானிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க, சார். அப்புறம் பேசலாம்."

போனார், பாவம். சலவை அறையின் நீராவியில் வியர்த்துக்கொண்டே கேட்டார். லானி இஸ்திரியை நிறுத்தவில்லை. "அந்தம்மா சொல்லித்தானே வந்தீங்க?" என்றான். "அவங்களை ஒரு நாள் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்க."

ஹாஸ்கெல் அதை அப்படியே வந்து சொன்னார். வேலை போன அன்றுகூட அழாத வெர்னா அப்போது அழுதாள்.